வின்செஸ்டர் கனவும் மணப்பாட்டுக் கரையும்

சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு 'வின்செஸ்டர்' என்ற துப்பாக்கியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விசைக்குக் கீழே 'லீவர்' என்ற ஒரு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் காலித் தோட்டா தெறித்து விழும், அடுத்தது குழலில் ஏறும். அந்த 'கிளிக்' ஓசையின் மீது ஒரு தலைமுறைக்கே மயக்கம் உண்டு. இன்று அமெரிக்க வீடியோக்களில் இளைஞர் ஒருவர் மலிவான லீவர் துப்பாக்கியைக் கடையில் வாங்கி, கட்டையை மாற்றி, விளக்கும் தொலைநோக்கியும் பொருத்தி அழகு பார்க்கிறார். கப்பல் வேலையிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் கடற்கரைப் பையன்கள் அதைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து கேட்கிறார்கள், நாமும் ஒன்று வாங்கலாமா என்று.

கேட்பதில் தப்பில்லை. ஆனால் நம் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டிலும் குலசையிலும் திருச்செந்தூரிலும் இதற்குக் கிடைக்கும் பதில்களில் பாதி தவறானவை. தவறான பதிலை நம்பி ஒரு பார்சலுக்குப் பணம் கட்டிய பையனின் வாழ்க்கையில் ஏழு வருடம் சிறையில் போய்விடக்கூடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

“காசு இருந்தா வாங்கிரலாம்லா அண்ணாச்சி, அது நம்ம உரிமைதான?”

உரிமை இல்லை. அமெரிக்காவில் அரசியல் சட்டமே ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. இங்கே அந்தக் கேள்வியை எழுப்பி, விவாதித்து, வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்ற வாசகம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1801இல் பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு ஆங்கிலேயர் நம் பக்கத்துக் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பறித்தார்கள். 1878 ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமம் கட்டாயம் என்றும் ஐரோப்பியனுக்கு விலக்கு என்றும் பிரித்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்த பிரௌனிங் கைத்துப்பாக்கி அந்தச் சட்டத்தை மீறி வந்ததுதான். இத்தனை வரலாறு இருந்தும், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி.காமத் ஆயுதம் வைத்துக்கொள்வதை அடிப்படை உரிமையாக்கக் கோரியபோது சபை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் 2023 பிப்ரவரியில், உரிமமில்லா ஆயுதங்கள் பற்றிய ஒரு வழக்கில், அமெரிக்காவைப் போல் இங்கே அப்படியொரு உரிமை கிடையாது என்று நினைவூட்டியது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கி. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும். போலீஸ் விசாரணை அறிக்கை இல்லாமல் கோப்பு நகராது. 2016 விதிகள் வந்தபின் மருத்துவச் சான்றும், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றும் சேர்ந்துகொண்டன.

“இரட்டைக் குழலுக்குக் குடுப்பாங்க, ரைபிளுக்கும் அதே கதைதான்”

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமலே பலர் விண்ணப்பித்துவிட்டு ஏமாறுகிறார்கள். சட்டத்தின் 13ஆம் பிரிவு இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. இரட்டைக் குழலைப் போல, குழலின் உட்புறம் வழவழப்பாக, 20 அங்குலத்துக்குக் குறையாத நீளத்தில் இருக்கும் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால் சட்டம் ஓரளவு இளக்கமாக இருக்கிறது. பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கும் அப்படியே. ரைபிள் கேட்பவரோ 'தக்க காரணம்' காட்டி அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும். லீவர் துப்பாக்கி ரைபிள்தான்.

வேட்டை என்று காரணம் எழுத முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. தேரிக்காட்டு முயலானாலும் வல்லநாட்டு வெளிமானானாலும் குற்றம் குற்றமே. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவருக்குத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் இசைவு இல்லாமல் புது உரிமமே கிடையாது. வல்லநாட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

“லீவர் துப்பாக்கிதான் இருக்கிறதுலயே மலிவு”

அமெரிக்கக் கடையில் அது நடுத்தர விலைக்குக் கிடைக்கும் பொருள். பிரேசில் நாட்டு ரோஸி போன்றவை அங்கே இன்னும் குறைந்த விலையில் வருகின்றன. இங்கே அந்த விலைப்பட்டியல் பயன்படாது. நம் அரசுத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென்று காலங்காலமாக விற்றுவரும் ரைபிள் .315. தாழ்ப்பாளைப் போல இழுத்து மூடும் 'போல்ட்' வகை அது. அளவு ஏன் .315 என்பதற்கும் காரணம் உண்டு. ராணுவத் தோட்டாவை ஏற்கும் .303 போன்றவை தனியாருக்குத் தடை செய்யப்பட்டவை. படைமுகாமிலிருந்து திருடிய தோட்டா ஊர்த் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்ற பயம் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது, இன்னும் தொடர்கிறது.

லீவர் துப்பாக்கி நம் நாட்டில் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தர்மபுரி, சேலம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த பெங்களூரு வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாதிரி. லீவர் துப்பாக்கியேதான். அந்தக் காலத்து ரைபிள்கள் சில பழைய உரிமங்களோடு கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆனால் வாங்கியபின் தோட்டாவுக்கு எங்கே போவது? உள்ளூரில் தயாராகாத அளவு என்றால், வாங்கிய துப்பாக்கி சுவரில் மாட்டுவதற்குத்தான் ஆகும். உரிமக் கடைக்காரரிடம் முதலில் தோட்டா கிடைக்குமா என்று கேளுங்கள், துப்பாக்கியின் விலையைப் பிறகு கேட்கலாம். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதும் உரிமப் புத்தகத்தில் எழுதியபடிதான்.

“வாங்கின பெறகு நம்ம இஷ்டத்துக்கு மாத்திக் கட்டிக்கலாம்”

இந்த ஒரு நம்பிக்கைதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

சட்டத்தின் கண்ணில் 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள் அதன் உதிரிபாகங்களும் அடங்கும். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் குழலோ விசைத் தொகுதியோ உங்களுக்கு உதிரிபாகம், சுங்கத்துக்கு ஆயுதம். ஓசையையும் சுடரையும் மட்டுப்படுத்தும் கருவி, அதாவது சைலன்சர், அதே வரையறைக்குள்தான் வருகிறது. அது தடைப் பட்டியலில் இருக்கும் பொருள். சினிமாவில் பார்த்து ஆசைப்பட்டுக் கடைசல் பட்டறையில் ஒன்று செய்யச் சொல்வது விளையாட்டல்ல.

குழலை அறுத்துக் குட்டையாக்குவது பிரிவு 6இன்படி தனி உரிமம் வேண்டிய வேலை. பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவதும் அப்படியே. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். உரிமமில்லாத சாதாரணத் துப்பாக்கியைச் சும்மா வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு. பழுது பார்ப்பதைக்கூட அதற்கென உரிமம் பெற்ற பட்டறையில்தான் செய்ய வேண்டும். தோள்வார், துடைக்கும் கோல், எண்ணெய், பூட்டு உள்ள இரும்புப் பெட்டி: முதல்முறை உரிமையாளர் தயங்காமல் வாங்கக்கூடியவை இவைதான்.

அந்த எண்ணெயை மணப்பாட்டில் இரண்டு மடங்கு மதிக்க வேண்டும். மூன்று பக்கம் கடலும் உப்பங்கழியும் சூழ்ந்த மணல்மேடு இது. இங்கே சன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்த்தாலே தெரியும். உப்புக்காற்று பட்ட எஃகை வாரம் ஒருமுறையாவது எண்ணெய்த் துணியால் துடைக்காவிட்டால் குழலுக்குள் துருப்புள்ளிகள் விழும். தோலுறையில் போட்டு வைப்பது இன்னும் மோசம். தோல் ஈரத்தைப் பிடித்து இரும்பின்மேல் அப்பி வைக்கும்.

“கப்பல்ல போறவங்க கொண்டு வந்துரலாம், கடல்ல யாரு கேக்கா?”

தூத்துக்குடிக்காரன் இதைச் சொல்லவே கூடாது. 2013 அக்டோபர் 12 அன்று சீமேன் கார்ட் ஓஹியோ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை மடக்கி நம் வ.உ.சி. துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கும் ஆயுதக் காவலர்களைச் சுமந்த கப்பல் அது. அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமானது, சியரா லியோன் கொடி ஏந்தியது. உள்ளே 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கு மேல் தோட்டாக்கள். பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா என நான்கு நாட்டவர் 35 பேர் கைதானார்கள்.

தங்கள் ஆயுதங்களுக்கு ஆவணம் உண்டு என்றுதான் அவர்களும் சொன்னார்கள். 2014இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆயுத வழக்கை ரத்து செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி விசாரணையை நடத்தச் சொன்னது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் 5 ஆண்டு சிறை விதித்தது. 2017 நவம்பர் 27 அன்று மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. கடைசியில் விடுதலைதான். ஆனால் அதற்கு நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. பெரிய நிறுவனமும் வெளிநாட்டுத் தூதரகங்களும் பின்னால் நின்ற ஆட்களுக்கே இந்த நிலை என்றால், பையில் ஒரு ரைபிளோடு இறங்கும் மணப்பாட்டு மாலுமிக்கு யார் வந்து நிற்பார்கள்?

வெளிநாட்டில் நெடுங்காலம் வசித்து நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர், அங்கே முறையாக வைத்திருந்த அனுமதிக்கப்பட்ட அளவுத் துப்பாக்கி ஒன்றைச் சுங்க நிபந்தனைகளோடு கொண்டுவர வழி உண்டு. அதற்கும் இங்கே உரிமம் வேண்டும்.

“கூர்க்குல லைசென்சே வேண்டாமாம்”

அது கர்நாடகத்தின் கூர்க்கில் கொடவர்களுக்கும், 'ஜம்மா' எனப்படும் பரம்பரை நில உரிமையாளர்களுக்கும் மட்டும் ஆங்கிலேயர் காலத்திலிருந்து வரும் விலக்கு. 2029 அக்டோபர் வரை மத்திய அரசு நீட்டித்திருக்கிறது. அங்கே போய் வாங்கி வருபவருக்கு அது பொருந்தாது.

“புதுசாச் சுடப் பழகுறவனுக்கு லீவர்தான் லேசு”

பார்க்க லேசு. கையாள அப்படி இல்லை. பழைய மாதிரிகளில் தனிப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. ஏற்றிய குதிரையை (சுத்தியலை) கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே விசையை அழுத்தி, மெல்லப் பாதி நிலைக்கு இறக்க வேண்டும். விரல் வழுக்கினால் வெடிக்கும். வியர்வையும் எண்ணெயும் படிந்த விரல் வழுக்கத்தான் செய்யும். குழலடியில் நீளக் குழாயில் தோட்டாக்கள் வரிசையாக நிற்பதால், காலி செய்யப் பல மாதிரிகளில் ஒவ்வொன்றையும் வெடியறை வழியாகவே ஏற்றி இறக்க வேண்டும். கூர்முனைத் தோட்டாவை அந்தக் குழாயில் போடக் கூடாது. முன்னால் நிற்கும் தோட்டாவின் பின்புறத்தில் முனை இடித்தால் உள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் தட்டைமுனை. ஆண்டர்சனின் 1895 மாதிரிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்குப் பெட்டி வடிவ அறை.

இன்னொன்று. சிறிய .22 தோட்டாகூட ஒரு மைலுக்கு மேல் போகும். தண்ணீரில் பட்டால் தெறித்துத் திசை மாறும். கரையருகே வள்ளங்கள் நிற்கும் நம் கடற்கரை சுடப் பழகும் இடமே அல்ல. திருவிழாவில் வானத்தை நோக்கிச் சுடுவதும் 2019 முதல் 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

பழக ஆசை இருப்பவருக்கு நல்ல வழி 10 மீட்டர் ஏர் ரைபிள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அந்தப் பிரிவில்தான் ஒலிம்பிக் வரை போனார். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் 2024 பாரிசுக்குப் போனார். நடிகர் அஜித்குமார் 2022இல் மாநிலப் போட்டிக்காகத் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்தபோது கூடிய கூட்டத்தில் பத்தில் ஒருவர் ஏதாவது ஒரு கிளப்பில் சேர்ந்திருந்தாலும் நான் மகிழ்வேன்.

“ஏர்கன்னுக்கு ஒரு கணக்கும் கெடையாது”

உண்டு. ரவையின் அளவு .177க்கு மேல் போனாலோ, குழல்வாயில் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ 2016 விதிகளின்படி உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் வாங்கிய ஏர்கன்னுக்கு வலுவான சுருள்வில் மாட்டி ஆற்றலைக் கூட்டுகிறவர், தன்னையறியாமல் உரிமமில்லாத ஆயுதத்துக்குச் சொந்தக்காரர் ஆகிறார்.

“ஒரு தடவ வாங்கிட்டா தலைமுறைக்கும் நம்ம சொத்து”

உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். காவல் நிலையத்திலோ உரிமக் கடையிலோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் அதிகபட்சம் வைத்திருக்கக் கூடியது முன்பு மூன்று, 2019 முதல் இரண்டு. தாத்தாவின் துப்பாக்கி பரம்பரையாக வந்தாலும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் அந்த உரிமம் பிள்ளைகளுக்குத் தானாக வராது. பரணில் கிடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று விடும் குடும்பங்கள் இந்தக் கரையில் உண்டு. அந்த வீட்டார் துப்பாக்கியை உரிமப் புத்தகத்தோடு காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். வாரிசுகளில் ஒருவர் தன் பெயருக்குக் கேட்டு கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். யாருக்கும் வேண்டாம் என்றால் உரிமம் உள்ள ஒருவருக்கு முறைப்படி விற்றுவிடலாம்.