புழுங்கலரிசி கற்பித்த பாடம்

விடியுமுன் எழுந்து பால்மரம் சீவச் செல்லும் தொழிலாளிக்குக் கையும் காலுமே மூலதனம். அவற்றின் தசைகள் தளராதிருக்க மீனும் இறைச்சியும் இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். நாள்தோறும் உண்ணும் தானியத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சிகள் சில மலாயா மண்ணிலேயே நடந்தன. அவற்றுள் தமிழ்த் தொழிலாளரின் சோற்றுப் பானைக்கும் ஓர் இடம் உண்டு.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பெரிபெரி' என்னும் நோய் மலாயாவில் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. முதலில் கால் மரத்துப் போகும், கெண்டைக்கால் தசை நோகும், நடை தளரும், உடல் வீங்கும், இறுதியில் இதயத் தசையும் சோர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரை இந்நோய் கடுமையாகத் தாக்கியது. தோட்டத் தமிழரிடமோ இது அரிதாகவே காணப்பட்டது.

இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கியவர், நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன். சீனர் உண்டது வெள்ளையாகத் தீட்டிய அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி என்பதை அவர் 1907ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். ஆனால், தீட்டிய அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதினார். அக்கருத்து பின்னர் தவறென்று தெரிந்தது.

1905-06ஆம் ஆண்டுகளில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் ஒரு சோதனை நடத்தினார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தீட்டிய வெள்ளரிசியும் மற்றவருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். வெள்ளரிசி உண்டோருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோருள் ஒருவரும் அந்நோயால் மாளவில்லை. அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவானியத் தொழிலாளரிடம் ஆய்வு நடத்தி, 1909இல் முடிவை வெளியிட்டனர். அரிசியில் நஞ்சு இல்லை. தீட்டும்போது உடலுக்கு வேண்டிய ஒரு சத்து நீங்கிவிடுகிறது என்பதே அம்முடிவு. அச்சத்தைப் பத்தேவியாவில் 1926இல் படிகமாகப் பிரித்தெடுத்தனர். அதுவே தயாமின் என்னும் 'பி1' வைட்டமின்.

ஒரு நெல்மணியை எண்ணிப் பாருங்கள். வெளியே உமி, அதனுள்ளே தவிடு, ஒரு முனையில் முளைக்கரு, நடுவே மாவு. தயாமின், மக்னீசியம், நார்ச்சத்து ஆகியவை தவிட்டிலும் கருவிலுமே மிகுதி. ஆலையில் வெள்ளையாகத் தீட்டினால் எஞ்சுவது பெரும்பாலும் மாவுதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, தயாமின் நீரில் கரைந்து மணியின் உள்ளே சென்று தங்குகிறது. ஆகவே, பின்னர்த் தீட்டினாலும் அதில் பெரும்பகுதி நீங்குவதில்லை.

தசைக்கு இவை செய்யும் பணி யாது? சோற்றின் மாவுச்சத்தை எரித்துச் சக்தியாக மாற்றத் தயாமின் இன்றியமையாதது. விறகு எவ்வளவு இருந்தாலும் தீக்குச்சி இல்லையேல் அடுப்பு எரியாது அன்றோ? உடலில் இதன் இருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே போதும். மக்னீசியமோ தசை சுருங்கி விரியத் துணைபுரிகிறது.

இன்று பலவகை உணவு கிடைப்பதால் பெரிபெரி அருகிவிட்டது. எனினும் மதுவுக்கு அடிமையானோரிடம் தயாமின் குறைவு இன்றும் தோன்றுகிறது. மது அச்சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கிறது. குடிப்பவரும் சரியாக உண்பதில்லை. கால் மரத்துத் தள்ளாடும் தோழரைக் கண்டால், 'போதைதானே' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

முதுமையில் தசை மெலிவது இயல்பு. மலாயா ரயில்வே ஊழியர் 1932இல் தொடங்கிய முனீஸ்வரன் கோயில் விளங்கும் சிங்கப்பூர் குவீன்ஸ்டவுன், இன்று முதியோர் மிகுந்த வட்டாரம். அங்கு 2021இல் 'சுகாதார வட்டாரம்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. மக்கள் முதுமையிலும் நலத்துடன் வாழ வழிசெய்வதே அதன் நோக்கம். சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியம் உணவுத் தட்டில் கால் பங்கை முழுத்தானியத்துக்கும், கால் பங்கைப் புரத உணவுக்கும், பாதியைக் காய்கனிக்கும் ஒதுக்கச் சொல்கிறது.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை சில:

1. வெள்ளரிசிக்குப் பதில் புழுங்கலரிசியோ தவிட்டரிசியோ வாங்குக. தவிடு முழுமையாக வேண்டின் தவிட்டரிசியே ஏற்றது. பிடிக்காவிடில் சிறிது சிறிதாகக் கலந்து பழகுக.

2. அரிசியைப் பலமுறை கழுவாதீர். கஞ்சியை வடித்துக் கொட்டாதீர். கரைந்த சத்தும் அதனோடு போய்விடும்.

3. வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் கூழோ களியோ உண்க. மாவைச் சலித்துத் தவிட்டை எறியாதீர்.

4. தானியம் மட்டும் தசையை வளர்க்காது. பருப்பு, பயறு, முட்டை, மீன் இவற்றுள் ஒன்றேனும் உடன் இருக்கட்டும்.

5. நீரிழிவோ சிறுநீரக நோயோ உடையவர் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்றுக.

நம் முன்னோர் தயாமின் என்னும் சொல்லை அறியார். ஆயினும் நெல்லை அவித்துக் குத்திய அவர்தம் வழக்கம் பலரின் உயிரைக் காத்தது. காரணமும் அறிந்துவிட்ட நாம் அவ்வழக்கத்தைக் கைவிடலாகாது.