பாலும் முட்டையும் இன்றி நிறையுணவு

இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலே மரக்கறி உணவு புதியதொன்றன்று. வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டி முதலிய விரத நாட்களிலும் மீனும் இறைச்சியும் பல வீடுகளின் அடுக்களைக்குள் வருவதில்லை. ஆண்டு முழுவதும் அவற்றை விலக்கி வாழும் குடும்பங்களும் உள. ஆயின் இக்குடும்பங்களின் உணவிலே பால், தயிர், மோர், நெய் என்பன தொன்றுதொட்டு இடம்பெற்று வந்துள்ளன. உயிர்களிடத்துள்ள இரக்கத்தாலோ, பாலின் விலையைத் தாங்க இயலாமையாலோ இவற்றையும் விடுத்து, தாவரங்களிலிருந்து கிடைப்பவற்றை மாத்திரம் உண்போர் இன்று உளர். வீகன் உணவு என இது வழங்கப்படுகின்றது. 1944 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர் சிலரும் கூடிச் சங்கம் அமைத்து இப்பெயரை வழக்கிற்குக் கொண்டுவந்தனர்.

நன்கு திட்டமிட்ட தாவர உணவு, வளர்ந்த ஒருவருடைய தேவைகளைப் பெரும்பாலும் நிறைவு செய்யும். திட்டமின்றி உண்ணுமிடத்தே கேடு விளைகின்றது. சோறு, ஒரு கறி, ஒரு சொதி, ஒரு கோப்பை தயிர் என இருந்த உணவிலே தயிரை நீக்கிவிட்டு அவ்விடத்தை வெறுமையாக விடுபவர், தாம் உண்ணும் சோற்றின் அளவைக் கூட்டுவதன்றி வேறொன்றுஞ் செய்வதில்லை. வயிறு நிறைகின்றது, உடல் நிறைவதில்லை.

சோறும் பயறும்

வளர்ந்தவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோகிராம் நிறையுடைய ஒருவருக்கு இது 46 கிராம் வரையிலாகும். அவர் ஒரு நாளில் 300 கிராம் அரிசியைச் சோறாகவும் பிட்டாகவும் இடியப்பமாகவும் உண்பாராயின் அதிலிருந்து 21 கிராம் புரதம் பெறுவார். நீர்த்த பருப்புக்கறியிலே அவருடைய பங்குக்கு 25 கிராம் உலர்ந்த பருப்பு வருமெனக் கொண்டால், அது தருவது 6 கிராம் மாத்திரமே. இரண்டுஞ் சேர 27 கிராம். மரக்கறிகளும் தேங்காயும் மேலும் சில கிராம் தரும். அப்பொழுதும் குறை பெரிது.

பருப்பின் அளவை 75 கிராமாக உயர்த்தி, அதனோடு ஒரு கைப்பிடி நிலக்கடலையையும் சேர்த்தால் அக்குறை நீங்கும். பருப்பிலிருந்து 18 கிராமும், 25 கிராம் நிலக்கடலையிலிருந்து 6 கிராமும் பெறப்படும். ஆகவே தாவர உணவு உண்பவர் பருப்பைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியாக எண்ணலாகாது. சோற்றுக்கு அடுத்த இரண்டாவது உணவாகவே அதனைக் கொள்ளுதல் வேண்டும். காலையில் அவித்த கௌபியோ கடலையோ, நண்பகலில் கட்டியான பருப்பு, இரவில் உழுந்து சேர்ந்த தோசை எனப் பகிர்ந்துகொண்டால் இவ்வளவை உண்பது கடினமன்று.

அளவு மாத்திரமன்றித் தன்மையும் கவனிக்கத்தக்கது. அரிசியின் புரதத்திலே லைசீன் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயற்றினங்களில் அது மிகுதி. பயற்றினங்களிற் குறைவாகவுள்ள மெதியோனீன் அரிசியிலும் எள்ளிலும் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. இவற்றை ஒரே வேளையிற் சேர்த்து உண்ணவேண்டுமென முன்னர்க் கூறப்பட்டதுண்டு. ஒரு நாளைக்குள் இரண்டும் உட்கொள்ளப்பட்டாற் போதும் என்பதே இன்றைய கருத்து.

ஆடிப்பிறப்பன்று யாழ்ப்பாணத்து வீடுகளிற் காய்ச்சப்படும் கூழிலே அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி என்பன சேர்கின்றன. தானியமும் பயறும் பொருந்திய உணவுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. பசுப்பால் ஒரு துளியும் அதிலே இல்லை. பருவமெய்திய பெண்களுக்கு நல்லெண்ணெய் விட்டுக் கிண்டிக் கொடுக்கும் உழுத்தங்களியும் அத்தகையதே. இவை சடங்குக்குரிய உணவுகளாக ஒதுங்கிவிட்டமை வருந்தத்தக்கது; ஆடிக்கூழை ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரம் காய்ச்சுவதற்கு யாதொரு காரணமுமில்லை.

சோயா அவரை பயற்றினங்கள் யாவற்றிலும் புரதம் மிகுந்தது. 100 கிராமில் ஏறக்குறைய 36 கிராம் உண்டு. அதனை நன்கு வேகவைத்தே உண்ணல் வேண்டும். வேகாத சோயாவிலுள்ள சில பொருள்கள் புரதம் சமிபாடடைவதைத் தடுக்கின்றன.

அரிசியைப் பொறுத்தவரையில், தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியினும் குறைவாகத் தீட்டிய சிவப்புப் புழுங்கலரிசி சிறந்தது. நெல்லை அவிக்கும்பொழுது தவிட்டுப் பகுதியிலுள்ள தயமின் அரிசியினுட் செல்வதால், தீட்டும்பொழுது அது முற்றாக நீங்கிவிடுவதில்லை.

இரும்பும் தேநீரும்

பயறு, கீரை, குரக்கன் யாவற்றிலும் இரும்பு உண்டு. எனினும் தாவரங்களிலுள்ள இரும்பு, இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பைப்போல எளிதில் உடலிற் சேர்வதில்லை. தானியங்களிலும் பயற்றினங்களிலும் உள்ள பைற்றிக் அமிலம் இரும்பையும் நாகத்தையும் பற்றிக்கொண்டு வெளியேறிவிடுகின்றது. பயற்றை ஊறவைத்தலும், முளைக்கவைத்தலும், மாவைப் புளிக்கவைத்தலும் இவ்வமிலத்தைக் குறைக்கின்றன. பயற்றைக் கழுவி ஓரிரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ முளை தோன்றும். முளைத்த பயற்றிலே விற்றமின் சீயும் உண்டாகின்றது. தோசைமாவை இரவிற் கரைத்துப் புளிக்கவைக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, அன்றன்றே சுடுவதற்குரிய மாவகைகளை நாடுவோர் இந்நன்மையை இழக்கின்றனர்.

விற்றமின் சீ இரும்பு உடலிற் சேர்வதற்குத் துணைசெய்யும். சொதியை இறக்கியபின் தேசிப்புளி விடும் வழக்கம் சுவைக்காக ஏற்பட்டதாயினும் மிக நல்லதே. அடுப்பில் இருக்கும்பொழுதே புளியை விட்டால் வெப்பத்தால் அவ்விற்றமின் பெருமளவு அழிந்துவிடும். உணவின் முடிவில் ஒரு கொய்யாப்பழமோ, நெல்லிக்காயோ, பப்பாசித் துண்டோ உண்பதும் அதே பயனைத் தரும்.

இந்நன்மை யாவற்றையும் கெடுப்பது உணவோடு பருகும் தேநீர். தேயிலையிலுள்ள தனின் இரும்பைத் தடுத்துவிடுகின்றது. காலையிற் பிட்டை உண்டவுடன் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் பருகும் கமக்காரர், அதனை ஒரு மணி நேரமாவது தாழ்த்திப் பருகுதல் நன்று. மாதவிடாயுறும் பெண்களும் கர்ப்பிணிகளும் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

பாலுக்கு மாற்றாகக் கல்சியம்

200 மில்லிலீற்றர் பசுப்பாலிலே ஏறத்தாழ 240 மில்லிகிராம் கல்சியம் உண்டு. பாலை விட்டவர் இதனை வேறிடத்திற் பெறல் வேண்டும். தீட்டிய அரிசி இதற்கு உதவாது. 100 கிராமில் 30 மில்லிகிராமும் காண்பது அரிது. குரக்கனோ 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியத்தைக் கொண்டது. குரக்கன் பிட்டும் ரொட்டியும் நீரிழிவு நோயாளருக்கு உரியன என்னும் எண்ணம் பரவியுள்ளது. பாலருந்தாத குடும்பத்திலே அவை எல்லோருக்கும் உரியன.

முருங்கையிலையும் அகத்தியிலையும் கல்சியம் மிகுந்தவை. பசளி போன்ற சில கீரைகளிலே ஒட்சலேற்று மிகுதியாக இருப்பதால், அவற்றிலுள்ள கல்சியம் உடலுக்கு அத்துணை பயன்படுவதில்லை. எள்ளின் தோலிலுள்ள கல்சியத்துக்கும் ஓரளவுக்கு இது பொருந்தும். ஆயினும் எள்ளுருண்டை நல்ல சிற்றுண்டியே. கீரையை வறையாக்கும்பொழுது சேர்க்கும் தேங்காய்ப்பூ வீணன்று. கீரையிலுள்ள கரோட்டீன் உடலிற் சேர்ந்து விற்றமின் ஏயாக மாறுவதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும்.

அயடீன் கலந்த உப்பையே பயன்படுத்துக. அதனை மூடிய பாத்திரத்தில் வைத்து, சமையலின் முடிவிற் சேர்க்க. மீனை விலக்கியவருக்கு அயடீன் கிடைக்கும் வேறு வழி அதிகமில்லை.

எத்தோட்டத்திலும் விளையாத விற்றமின்

இதுவரை கூறியவை யாவும் வயலிலும் வளவிலும் பெறக்கூடியவை. விற்றமின் பீ12 அத்தகையதன்று. அரிசி, பயறு, கீரை, கிழங்கு, பழம், எள்ளு எதிலும் அது நம்பத்தக்க அளவில் இல்லை. பற்றீரியாக்களே அதனை உண்டாக்குகின்றன. பசு புல்லை மேய்ந்து வாழ்ந்தபோதும், அதன் அசைபோடும் இரைப்பையில் வாழும் பற்றீரியாக்கள் பீ12 ஐ ஆக்கிக்கொடுப்பதால் பாலிலும் அது காணப்படுகின்றது. மனிதனின் பெருங்குடலிலும் அவை அதனை ஆக்குகின்றன. ஆயினும் விற்றமின் உறிஞ்சப்படும் இடம் அதற்கு மேலே சிறுகுடலில் இருப்பதால் பயனில்லை.

இவ்விற்றமின் 1948 ஆம் ஆண்டிலேயே முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. வாட்சனும் அவருடைய நண்பரும் சங்கம் அமைத்தபொழுது அது இன்னும் பிரித்தெடுக்கப்பட்டிருக்கவில்லை. 1955 ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தில் அவ்வுணவை உண்டோர் சிலரிடம் இதன் குறைபாடு மருத்துவ ஏடுகளில் விவரிக்கப்பட்டது. அறியாது வருந்தியவர் அவர்கள். இன்று அறிந்திருந்தும் வருந்துவது தவிர்க்கத்தக்கது.

பீ12 ஈரலிலே சேமித்து வைக்கப்படுகின்றது. எனவே பாலை நிறுத்திய ஒருவர் சில ஆண்டுகள் வரை யாதொரு மாற்றத்தையும் உணராதிருத்தல் கூடும். இதுவே ஏமாற்றத்துக்குக் காரணம். “மூன்று வருடமாக உண்கிறேன், ஒன்றும் செய்யவில்லை” என்று கூறுபவர் தமது சேமிப்பைச் செலவிட்டுக்கொண்டிருக்கிறார். பின்னர்க் களைப்பு, நாக்குப் புண், கால் விரல்களில் விறைப்பு, நடையிலே தளம்பல், மறதி என்பன மெல்லத் தோன்றும். கால் விறைப்பை, சேற்று வயலில் நின்றதனால் வந்ததென்று கமக்காரர் எண்ணிவிடலாம். அன்றியும் கீரை மிகுதியாக உண்பவரிடத்தே, கீரையிலுள்ள ஃபோலிக் அமிலம் குருதிச்சோகை வெளிப்படாதவாறு மறைத்துவிடக்கூடும். நரம்பின் கேடோ உள்ளே தொடரும். நெடுங்காலம் கவனியாது விட்ட நரம்புக்கேடு முற்றாகத் தீர்வதில்லை.

பழஞ்சோற்றிலே பீ12 உண்டென்றும், கழுவாத கீரையின் மண்ணிலிருந்து அது கிடைக்குமென்றும், கடற்பாசிப் பொடி போதுமென்றும் கூறுவோர் உளர். பழஞ்சோறு நல்ல காலையுணவே. எனினும் இத்தேவைக்கு இவற்றுள் எதனையும் நம்பியிருத்தல் தகாது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 2.4 மைக்கிரோகிராம் வரையிலான மிகச் சிறிய அளவே. மாத்திரையாக உட்கொள்ளும்பொழுது அதில் ஒரு பகுதியே உறிஞ்சப்படுவதால், நாள்தோறும் 10 மைக்கிரோகிராமாவது, அல்லது வாரத்துக்கு 2000 மைக்கிரோகிராமாவது உட்கொள்ளுதல் வழக்கம். பற்றீரியாக்களை வளர்த்தே இம்மாத்திரையின் விற்றமின் ஆக்கப்படுவதால், கொள்கை பற்றித் தாவர உணவு உண்போரும் இதனை ஏற்பதற்குத் தடையில்லை; மாத்திரையின் உறை விலங்குப் பொருளால் ஆனதா என்பதை மாத்திரம் பார்த்துக்கொள்ளலாம். விறைப்பு முதலிய குறிகள் முன்னரே தோன்றியவர் தாமாக மாத்திரை வாங்காது வைத்தியரைக் காணுதல் வேண்டும்.

தாயும் குழந்தையும்

வளர்ந்தவருக்கு ஆண்டுகள் எடுக்கும் கேடு, குழந்தைக்குச் சில மாதங்களிலே நேர்ந்துவிடும். பிறக்கும் குழந்தையின் ஈரலிலுள்ள சேமிப்பு தாயிடமிருந்து வந்தது. தாய்ப்பாலில் வரும் பீ12 உம் அவள் உட்கொள்வதைப் பொறுத்தது. தாய்க்குக் குறை இருப்பின், நலமாகப் பிறந்த குழந்தை நான்கைந்து மாதத்திலே பால் குடிக்க மறுத்து, சோர்ந்து, இருந்த சிரிப்பையும் இழந்து, தலை நிற்கும் வலிமையையும் இழத்தல் கூடும். ஆகவே பால் உண்ணாத பெண் கருவுறுமுன்னரே இம்மாத்திரையைத் தொடங்கி, பாலூட்டுங் காலம் முழுவதும் விடாது உட்கொள்ளல் வேண்டும். தமது உணவு முறையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதல் வருகையிலேயே கூறுதல் அவசியம். நிலையங்களில் வழங்கப்படும் திரிபோஷாவிலே பால்மா கலந்திருப்பதால், அதனை உண்ணாதவர் அவ்விடத்து வேறென்ன உண்பது என்பதையும் அவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலே குழந்தையின் உணவு. தேங்காய்ப்பாலும் அரிசிக்கஞ்சியும் அதற்கு மாற்றாகா. ஆறு மாதத்தின் பின், நன்கு குழைத்த சோறும் பயறும், சிறிது தேங்காய்ப்பாலும் மசித்த பூசணியும் சேர்த்து ஊட்டலாம். குழந்தையின் வயிறு சிறிது. ஆதலால் நீர்த்த கஞ்சியினும் கட்டியான உணவே ஏற்றது. குழந்தைக்கு வேண்டிய பீ12 இன் அளவை வைத்தியரே குறித்துக் கொடுத்தல் வேண்டும்.

பயற்றுக்கு வேண்டிய நிலம்

ஆளுக்கு 75 கிராம் வீதம் நால்வர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 300 கிராம், ஆண்டுக்கு ஏறக்குறைய 110 கிலோகிராம் பயறு வேண்டும். மைசூர்ப் பருப்பு வெளிநாட்டிலிருந்து வருவது. அதன் விலை கமக்காரரின் கையில் இல்லை. ஹெக்டேயருக்கு 1000 கிலோகிராம் விளையுமாயின், 110 கிலோகிராம் பெறுவதற்கு, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற கணக்கில், நாலரைப் பரப்பு போதும். பெரும்போக நெல்லை அறுத்தபின் வயலில் எஞ்சியிருக்கும் ஈரத்திலே பாசிப்பயற்றையோ கௌபியையோ விதைக்கலாம். பாசிப்பயறு ஏறத்தாழ 60 முதல் 70 நாட்களில் அறுவடைக்கு வரும். பயற்றின் வேர்முடிச்சுக்கள் வளியிலுள்ள நைதரசனைப் பிடித்து வைப்பதால், அடுத்த நெற்பயிருக்கும் நன்மை உண்டு. வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றரும், செடிக்குச் செடி 10 சென்ரிமீற்றரும் இடைவெளி விடுக.

கிணற்றடியிலே ஒரு முருங்கையும், வேலியோரத்தில் இரண்டு அகத்தியும், கழிவு நீர் ஓடும் வாய்க்காலருகே பொன்னாங்காணியும் வல்லாரையும் இருந்தால் கீரைக்குச் சந்தைக்குச் செல்ல வேண்டியதில்லை.

விளைந்த பயற்றை வண்டு அழிப்பதே பெருந்துன்பம். பல்லிற் கடித்தால் நொறுங்கும் வரை வெயிலிற் காயவைத்து, சூடு ஆறியபின், கிலோகிராமுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் தேங்காயெண்ணெய் பூசிப் பிசறி, காற்றுப் புகாத தகரத்தில் நிரப்பி மூடிவைக்க. மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, துளையுள்ள மணிகள் காணப்பட்டால் அவற்றைப் புடைத்து நீக்கி, எஞ்சியதை மீண்டும் காயவைக்க. விதைக்கு வேண்டியதை முதலிலேயே பிரித்து வேறு பாத்திரத்தில் வைத்தல் நன்று.