விளக்கு பட்டால் விழிக்கும் கற்கள்

கேள்வி: புற ஊதா விளக்கைக் காட்டினால் சில கற்கள் பச்சை, சிவப்பு என்று ஒளிர்கின்றனவே, எப்படி?

பதில்: பெரும்பாலும் கல்லில் கலந்திருக்கும் துளியளவு வேற்றுப்பொருளே காரணம். தூய கால்சைட் என்ற கனிமம் பொதுவாக ஒளிராது. சிறிது மாங்கனீசும் காரீயமும் கலந்துவிட்டால் ஆரஞ்சுச் சிவப்பாகத் தகதகக்கும்.

கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சும் எலெக்ட்ரான்கள் உயர் ஆற்றல் நிலைக்குத் தாவுகின்றன. திரும்ப இறங்கும்போது ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகக் கழிய, மீதி நமக்குத் தெரியும் ஒளியாக வெளிவருகிறது. 1852இல் இந்த நிகழ்வை விளக்கியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலுள்ள ஃபிராங்க்ளின், ஸ்டெர்லிங் ஹில் துத்தநாகச் சுரங்கங்கள் இப்படி ஒளிரும் கற்களுக்குப் பேர்போனவை. அங்கே கிடைத்த கல் ஒன்றைப் பகலில் பார்த்தால் வெள்ளையும் பழுப்பும் கருப்புமாகச் சாதாரணமாகத்தான் இருக்கும். இருட்டறையில் 254 நானோமீட்டர் விளக்கைப் பிடித்ததும் அதிலுள்ள வில்லமைட் என்ற கனிமம் பளீரென்ற பச்சையிலும், சுற்றியுள்ள கால்சைட் செந்தணல் நிறத்திலும் எரியும். நடுவே புள்ளி புள்ளியாக இருக்கும் ஃபிராங்க்ளினைட் என்ற கனிமம் மட்டும் கருப்பாகவே நிற்கும்; அதில் நிறைந்துள்ள இரும்பு ஒளிர்வை அடக்கிவிடும்.

இதேபோல, மாணிக்கக் கல் சிவப்பாக ஒளிர்வது அதில் கலந்துள்ள குரோமியத்தால்.

வீட்டில் சோதிப்பவர்கள் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியைக் கட்டாயம் அணிய வேண்டும். 254 நானோமீட்டர் விளக்கு வீசுவது போன்ற குற்றலைப் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும்.