எஸ்டீமுக்கு எத்தனை இன்ச்?

பழைய கார் வாங்கியவன் முதல் மாதம் பேட்டரி மாற்றுவான், இரண்டாம் மாதம் பாட்டுப் பெட்டி மாற்றுவான், மூன்றாம் மாதம் அலாய் வீல் கடை வாசலில் நிற்பான். என் மாருதி எஸ்டீமோடு நானும் அப்படித்தான் போய் நின்றேன். கம்பெனி கொடுத்தது 175/70 ஆர் 13. கடைப் பையன் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, "பதினஞ்சு போடுங்கண்ணா, கெத்தா இருக்கும்" என்றான். 195/60 ஆர் 15 ஏறியது. கெத்தாகத்தான் இருந்தது, அம்மாவும் அத்தையும் பின்சீட்டில் உட்காரும்வரை. முதல் வேகத்தடையிலேயே பின்னால் 'கர்ர்ர்' என்றது. இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் மட்கார்டின் உள்மடிப்பில் பெயின்ட் உரிந்து, இரண்டு விரல் அகலத்துக்குத் தகரம் பளபளத்தது. டயரின் தோளிலும் அதே அகலத்துக்குக் கோடு.

அந்த ஒரு கோட்டுக்காக நான் படித்ததும் கேட்டதும் இங்கே. கடைகளில் அடிக்கடி காதில் விழும் சில நம்பிக்கைகளோடு ஆரம்பிக்கிறேன்.

"வீல் பெரிசானா பிக்கப் ஏறும்"

இறங்கும். வண்டிக்குத் தெரிவது ரிம்மின் இன்ச் அல்ல, டயரின் வெளி விட்டம். கணக்கு எளிது. 175 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆக 122.5 மி.மீ. மேலே ஒன்று கீழே ஒன்று, 245. நடுவில் 13 இன்ச் ரிம், 330.2. மொத்தம் 575.2 மி.மீ. நான் மாட்டியதற்கு இதே கணக்கைப் போட்டால் 615 வருகிறது. நான்கு சென்டிமீட்டர் அதிகம், ஏறக்குறைய 7 சதவீதம்.

இந்த 7 சதவீதம் எல்லா இடத்திலும் கைவைக்கும். சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் உருள்வதால் எல்லா கியரும் கொஞ்சம் 'நீளமாகி'விடும். 1298 சிசி இன்ஜின் மேம்பாலம் ஏற மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கும். பிரேக்கும் அதே வேகத்திலிருந்து நிறுத்த அதிகம் உழைக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுப்பதால், முள் 80 காட்டும்போது வண்டி 85-ஐத் தாண்டியிருக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. "அலாய் போட்டதிலிருந்து மைலேஜ் விழுந்துவிட்டது" என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு அது பாதிதான் விழுந்திருக்கும். 107 கிலோமீட்டர் ஓடியதை மீட்டர் 100 என்று எழுதினால், லிட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கும் குறைத்துத்தான் சொல்லும்.

அதற்காக 15 இன்ச்சே தப்பு என்று ஆகாது. 195/50 ஆர் 15 போட்டிருந்தால் விட்டம் 576. 14 இன்ச்சில் 185/60 என்றால் 577.6. இரண்டும் பழைய அளவுக்கு மூன்று மில்லிமீட்டருக்குள். அன்று கடையில் ஸ்டாக் இருந்தது 60 சீரிஸ், எனக்குக் கிடைத்ததும் அதுதான். ரிம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு டயர் தேடுவதுதான் நாம் எல்லோரும் செய்கிற தலைகீழ் வேலை. வெளி விட்டத்தை முதலில் எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போனால், பேச்சு வேறு மாதிரி போகும்.

"நாலு போல்ட் உட்கார்ந்தா வீல் பொருந்திருச்சு"

இந்த ஒரு நம்பிக்கை செய்கிற கெடுதல் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம்.

போல்ட் ஓட்டைகள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் பி.சி.டி. எஸ்டீமுக்கும் பழைய ஜென்னுக்கும் இது 114.3 மி.மீ. (சரியாக நாலரை இன்ச், அதனால்தான் அந்த ஒட்டாத தசமம்.) ஸ்விஃப்டுக்கு 100. "மாருதிக்கு மாருதி சேரும்" என்று பழைய ஸ்விஃப்ட் அலாயை மலிவாக வாங்கி, புது ஓட்டை போட்டோ, இடையில் அடாப்டர் தகடு வைத்தோ மாட்டுகிறார்கள். தகட்டின் கனம் எவ்வளவோ, வீல் அவ்வளவு வெளியே தள்ளும். பேரிங்குக்குச் சுமை கூடும். இதைவிட ஆபத்து, பார்த்தால் தெரியாத வித்தியாசம். ஃபியட் பாலியோவின் பி.சி.டி. 98. அதில் 100 வீல் 'ஏறிவிடும்'. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்பதால் போல்ட் முழுதாகப் பதியாமல் சாய்ந்து இறுகும். சாய்ந்து இறுகிய போல்ட் ஓடஓடத் தளரும்.

பி.சி.டி. சரி, அடுத்தது நடு ஓட்டை. வெளிக்கடை அலாய்கள் பல வண்டிகளுக்கும் ஆகட்டும் என்று அதைப் பெரிதாகவே விட்டிருப்பார்கள். ஹப்புக்கும் அதற்கும் இடையில் வளையம் வைக்காவிட்டால் வீல் ஒரு நூலளவு தள்ளி உட்காரலாம். அப்புறம் எண்பதில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று பேலன்சிங் கடைக்கு நாலு தடவை நடப்பீர்கள். வளையம் விலை அற்பம்.

பிறகு ஆஃப்செட். வீலின் உள்பக்கத்தில் 'ஈ.டி.' என்று ஒரு எண் வார்த்திருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு வெளியே தள்ளி இருக்கிறது என்பதே அது. ஒரு வண்டியில் 5 ஜே (அதாவது 5 இன்ச்) அகலம், ஈ.டி. 45 என்று வைத்துக்கொள்வோம். அதைக் கழற்றி 6.5 ஜே, ஈ.டி. 38 மாட்டினால் வெளி விளிம்பு 26 மி.மீ. வெளியே வரும், உள்விளிம்பு 12 மி.மீ. ஷாக் அப்சார்பர் பக்கம் போகும். என் மட்கார்டில் பெயின்ட் உரித்தது விட்டம் மட்டுமல்ல, இந்தத் தள்ளலும்தான். வாங்குமுன் ஒரே ஒரு வீலை மாட்டச் சொல்லி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். பின்சீட்டில் கடைப் பையன்கள் மூன்று பேரை ஏற்றுங்கள். சிரிப்பார்கள், ஏறுவார்கள்.

"அலாய்னாலே வெயிட் கம்மி"

கடையில் எடை மெஷின் கேளுங்கள். மலிவான வார்ப்பு 15 இன்ச், கம்பெனி 13 இன்ச் இரும்பு வீலைவிடக் கனமாக இருப்பது சகஜம்.

"அகல டயர் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்"

காய்ந்த ரோட்டில், நல்ல டயராக இருந்தால், கொஞ்சம் உண்மை. ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்கும் ரோட்டில் கதை மாறும். எடை குறைந்த வண்டிக்கு அகலம் கூடக்கூட டயர் தண்ணீரைப் பிளப்பதற்குப் பதில் அதன்மேல் மிதக்கப் பார்க்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத எஸ்டீமை பார்க்கிங்கில் திருப்புகிறவரின் தோளைக் கேட்டால் இன்னொரு பதிலும் கிடைக்கும். உயரம் குறைந்த பக்கச்சுவருக்கும் விலை உண்டு: 195/50-இல் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே இருப்பது 97.5 மி.மீ., பழையதைவிட 25 குறைவு.

பிடிப்பு வேண்டுமென்றால் அகலத்தைவிட டயரின் வயசைப் பாருங்கள். பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய கார்கள் அதிகம் ஓடாததால் பட்டன் எல்லாம் புதுசு போலவே இருக்கும், ரப்பர் மட்டும் பலகையாகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் தெரியும். பக்கத்திலேயே '82டி' மாதிரி ஒரு குறியும் இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். புதிதாகப் போடுவதில் அந்த எண் குறையக்கூடாது. 195/45 ஆர் 15 போன்ற ஒல்லி டயர்களில் அது 78-க்கு, அதாவது 425 கிலோவுக்கு, இறங்கியிருப்பதைப் பார்க்கலாம்.

அந்த 15 இன்ச் செட்டை விற்க வைத்தது உரசல் அல்ல, ஸ்டெப்னி. திண்டிவனம் தாண்டி முன்பக்கம் பஞ்சர். டிக்கியில் இருந்தது கம்பெனி கொடுத்த 13. மாட்டினேன். ஒரு பக்கம் 615, ஒரு பக்கம் 575. வண்டி ஒரு தோள் சாய்ந்து நின்றது. நேர் ரோட்டிலேயே ஒரு சக்கரம் இன்னொன்றைவிட வேகமாகச் சுற்ற, டிஃபரன்ஷியல் ஓயாமல் ஈடுகொடுக்க, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே முப்பதில் ஊர்ந்து செங்கல்பட்டு வந்து சேர்ந்தேன். இப்போது ஓடுவது 185/60 ஆர் 14. டிக்கியில் அதே 13 இன்ச் ஸ்டெப்னிதான். இரண்டுக்கும் 2.4 மி.மீ. வித்தியாசம்.