பிறர் இல்லத்தில் ஐந்து வாரம்



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், மாணவி ஒருத்தியின் தந்தையார் கையிற் படிவம் ஒன்றுடன் நம்மிடம் வந்தார். "மாஸ்டர், இதில கையெழுத்து வைக்கலாமோ?" என்று கேட்டார். அவருடைய மகளுக்கு அப்போது வயது 16. ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அது. பிள்ளை ஆங்கிலப் பள்ளியிற் படித்தவள். பிரெஞ்சு வாசிப்பாள், பேச நா எழாது. கோடை விடுமுறையில் ஐந்து வாரம் சகுனே ஆற்றுப் பக்கத்து ஜொங்கியேர் என்னும் ஊரில், பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றுடன் தங்கி மொழி பயில அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

தந்தையாரை அச்சுறுத்தியது ஒரு சொல். படிவத்திலே 'ஃபமீய் தக்கேய்' என்று இருந்தது. "அரசாங்கம் பிள்ளையளைக் கொண்டுபோய் விடுகிற வீடெல்லோ இது?" என்றார் அவர். அவர் அஞ்சியதிற் பிழையில்லை. கியூபெக்கில் இளையோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் பிள்ளைகளை வளர்க்கும் வீட்டுக்கும் இதுவே பெயர். மாணவரை விருந்தினராக ஏற்கும் வீட்டுக்கும் இதுவே பெயர். 'அக்கேய்' என்றால் வரவேற்பு. நம் பிள்ளைகளுட் பலர் இந்நாட்டில் முதன்முதல் அமர்ந்த வகுப்பும் 'கிளாஸ் தக்கேய்', அதாவது வரவேற்பு வகுப்பே அல்லவா? ஒரு சொல்லின் இரு வழக்குகளை அறியாமையால் ஒரு பிள்ளையின் கோடை வீணாகவிருந்தது.

இத்தகைய பயணங்களின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். முதலாம் உலகப் போரிலே பிரான்சில் காயமுற்ற போர்வீரரை ஏற்றிச் சென்ற அமெரிக்க அம்புலன்ஸ் சாரதிகளின் அமைப்பு 'அமெரிக்கன் ஃபீல்ட் சேர்விஸ்' என்பதாகும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947இல், அவ்வமைப்பே 10 நாடுகளிலிருந்து 52 மாணவரை வரவழைத்து அமெரிக்கப் பள்ளிகளிற் படிக்க வைத்தது. போரிலே காயப்பட்டோரைச் சுமந்தவர்கள் இதனைத் தொடங்கினர் என்பது நமது சிந்தனைக்குரியது.

நம் மொன்றியலிற் பிறந்த எழுத்தாளரும் பதிப்பாளருமான ஜாக் எபேர் 1971இல் 'கனடா உலக இளைஞர்' என்னும் அமைப்பை நிறுவினார். கனடிய இளைஞர் ஒருவரும் பிற நாட்டு இளைஞர் ஒருவரும் இணையாகச் சில மாதம் இந்நாட்டிலும் சில மாதம் அந்நாட்டிலும் வாழ்ந்து பணி செய்தனர். பின்பு 1977இல் 'கற்றிமாவிக்' என்னும் திட்டம் தொடங்கக் காரணராய் இருந்தவரும் அவரே. கனடிய இளையோர் பிற மாகாணங்களிற் சென்று தங்கித் தொண்டு செய்வதற்கான திட்டம் அது. இனுயிற் மக்களின் மொழியில் அப்பெயர் கூடுமிடத்தைக் குறிக்கும். 1986இல் அரசு அதனை நிறுத்த முற்பட்டபோது, செனற்றராக இருந்த எபேர் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தார். உண்ணாநோன்பு என்றதும் நம்மவர் நெஞ்சில் வேறு நினைவுகள் எழும். எனினும், இளைஞர் அயலூரிற் சென்று வாழ்ந்து பழகுவதற்காக ஒரு முதியவர் பட்டினி கிடந்த செய்தி நம் பிள்ளைகள் அறிய வேண்டியது.

இனி வீட்டுக்குள் வருவோம். விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாய் வந்தவர் விருந்தினர். திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரம் முழுவதும் விருந்தளிப்போனையே நோக்கிப் பேசுகிறது. விருந்தாகச் செல்பவனுக்கு அதில் தனிப்பாடம் இல்லை. பிரெஞ்சிலோ 'ஓத்' என்னும் ஒரே சொல் விருந்தளிப்பவரையும் குறிக்கும், விருந்தாக வந்தவரையும் குறிக்கும்.

நாம் அம்மாணவிக்கு முதலிற் கற்பித்தது உணவு வேளைகளின் பெயர்களை. பிரான்சு நாட்டுப் பாடநூலில் 'தெஜனே' என்பது மதிய உணவு, 'தினே' என்பது இரவுணவு. கியூபெக் வீடுகளிலோ 'தெஜனே' காலை உணவு, 'தினே' மதிய உணவு, இரவுணவுக்கு 'சூப்பே' என்று பெயர். இதனை அறியாத பிள்ளை நண்பகலில் அழைக்கும்போது மாலையில் வந்து நிற்கும். சூப்பே ஐந்தரை, ஆறு மணிக்கே முடிந்துவிடும். இரவு ஒன்பது மணிக்குப் புட்டும் கறியும் உண்டு பழகிய வயிறு பத்து மணிக்குக் கூவத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கலாமா என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

நம்மவர் வழக்கம் ஒன்று அங்கே பெரும் இடர் தரும். இன்னும் சிறிது உண்கிறாயா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்போம். மறுபடி கேட்டாலும் வேண்டாம் என்போம். மூன்றாம் முறை இலையிலே விழும்போது மகிழ்வோம். அங்கே ஒருமுறை வேண்டாம் என்றால் பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். அது அன்பின்மை அன்று. நம் வாய்ச்சொல்லை நம்பினார்கள், அவ்வளவே. வேண்டுமாயின் வேண்டும் எனலாம்.

மாட்டிறைச்சி உண்ணாத பிள்ளைகள் அதனைப் படிவத்திலேயே எழுதிவிடுதல் நன்று. கியூபெக் வீடுகளில் அடிக்கடி சமைக்கப்படும் 'பாத்தே ஷினுவா' என்பதன் பெயரிலே சீனம் இருக்கிறது. சட்டியிலே அடியில் அரைத்த மாட்டிறைச்சி, நடுவிற் சோளம், மேலே மசித்த உருளைக்கிழங்கு. மேற்பரப்பைப் பார்த்து மரக்கறி என்று எண்ணிவிடக்கூடாது. சகுனே பகுதியின் 'தூர்த்தியேர்' என்னும் பெரிய இறைச்சிப் பணியாரமும் அவ்வாறே. பாண், பாற்கட்டி, முட்டை, மரக்கறிச் சூப்பு எல்லாம் உள்ள நாட்டிற் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வெட்கப்பட்டுச் சொல்லாதிருப்பதே பட்டினிக்குக் காரணமாகும்.

யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் உண்டு. பிரெஞ்சில் 'த்யு', 'வு' என இரண்டே. கியூபெக் மக்கள் விரைவாகவே 'த்யு'வுக்கு இறங்கிவிடுவர். எனினும் பெரியோரிடம் 'வு' எனத் தொடங்கி, அவர்கள் விடச் சொன்னபின் விடுவது நம் பிள்ளைக்கு அழகு. வீட்டம்மா தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும்படி கூறுவார். அன்ரி, மாமி என்று அழைத்த நாவுக்கு இது எளிதன்று. மூன்று நாளிற் பழகிவிடும். உப்பை எடுத்துத் தந்தாலும் 'மெர்சி' சொல்ல வேண்டும். உண்ட கோப்பையைக் கழுவவும், படுக்கையைச் சீர் செய்யவும் வேண்டும். (ஆண்பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரும் இவ்வரியை மறுபடி வாசிக்க.)

பெற்றோர் கேட்க வேண்டியவையும் உள. வீட்டாரின் பெயர், முகவரி, தொலைபேசி எண். வீட்டிலுள்ள பெரியோருக்குக் குற்றப் பதிவுச் சோதனை செய்யப்பட்டதா. பிள்ளை உறங்கும் அறை எது. ஒத்துவராவிடில் யாரிடம் முறையிட்டு வேறு வீடு கேட்கலாம். இவற்றைக் கேட்பது அவமரியாதை அன்று. ஆனால் நாளுக்கு மூன்று முறை கைத்தொலைபேசியில் அழைத்துத் தமிழிற் பேசிக்கொண்டிருந்தால், பிள்ளை பிரெஞ்சு பயில்வது எப்போது?

இத்தனையும் கூறியும் தந்தையார் கையெழுத்திடவில்லை. அப்போது நாம் நமது கதையைச் சொன்னோம். 1990 ஓகஸ்டிலே, 12 வயதில், தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து கொக்குவிலில் முன்பின் அறியாத ஒருவர் இல்லத்திற் புகுந்தோம். அவ்வீட்டம்மா நல்லவர், மூன்று முறை கேட்டே சோறிடுவார். ஆயினும் அவ்வீட்டுக் கிணற்றடியில் நின்றபோதெல்லாம், எப்போது வீடு திரும்புவோம் என்ற கேள்விக்கு எவரிடமும் விடை இருக்கவில்லை. நம் கையில் நாள் குறித்த தாள் எதுவும் இல்லை. இம்மாணவியின் படிவத்திலோ, கடைசிப் பக்கத்திலே, திரும்பும் திகதியும் பேருந்து வந்துசேரும் நேரமும் அச்சிடப்பட்டிருந்தன. அவ்வரியை அவருக்குக் காட்டினோம். அவர் நெடுநேரம் அதனையே பார்த்திருந்துவிட்டு நம் பேனையை வாங்கினார்.

முதல் வாரம் பிள்ளை அழுதாள் என்று பின்னர் அறிந்தோம். மூன்றாம் வாரம் பிரெஞ்சிற் கனவு கண்டதாகச் சொன்னாள். ஓகஸ்ட் அப்பகுதியில் நீலப்பழம் பறிக்கும் காலம். அவ்வூராரையே நீலப்பழத்தார் என்று பிறர் செல்லமாக அழைப்பர். வீட்டம்மா அப்பழத்தில் யாம் காய்ச்சிப் போத்தல் ஒன்றிற் கொடுத்தனுப்பினார். போத்தல் வெறுமையாகத் திரும்பலாகாது என்று மாணவியின் தாயார் அதில் தேசிக்காய் ஊறுகாய் நிரப்பி அஞ்சலில் அனுப்பினார்.

அடுத்த கோடையில் அவ்வீட்டு மகள் மொன்றியலுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்சனில் இவர்கள் வீட்டில் எட்டு நாள் தங்கினாள். அந்த எட்டு நாளும் தந்தையார் வேலையிலிருந்து ஓடோடி வருவாராம். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே பரிமாறப்பட்டதாம்.