குணமும் அறிவும் ஒரே வேரா?

கேள்வி: ஒருவரின் குணத்துக்கும் அறிவுத்திறனுக்கும் பொதுவான மரபணுக்கள் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் எல்லாக் குணங்களுக்கும் இல்லை. இதைக் கண்டறிய இரட்டையர்கள் உதவுகிறார்கள். ஒரே கருமுட்டையில் உருவானவர்களுக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. இரு கருமுட்டை இரட்டையர்களிடம், ஆளுக்கு ஆள் மாறும் மரபணுக்களில் சராசரியாகப் பாதிதான் ஒத்துப்போகும். ஒருவரின் குண மதிப்பெண்ணை மற்றவரின் அறிவுத்தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிடும்போது, முதல் வகையினரிடம் பொருத்தம் கூடுதலாக இருந்தால் இரண்டுக்கும் சில மரபணுக்கள் பொது என்று கொள்ளலாம்.

புதியதை அறியும் ஆர்வமே அறிவுத்திறனோடு அதிகம் ஒட்டி நிற்கிறது. எதற்கும் பதறும் சுபாவம் எதிர்த்திசையில், அதுவும் லேசாகத்தான். கலகலப்புக்கும் அறிவுக்கும் சொல்லும்படியான தொடர்பில்லை. வாயாடியெல்லாம் கெட்டிக்காரர் என்பது ஊர்ப்பேச்சு.

அறிவும் குணமும் தனித்தனியே எவ்வளவு மரபு சார்ந்தவை? அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் பூஷார்ட் 1979-இல் தொடங்கிய ஆய்வு, பிரிந்து வளர்ந்த இரட்டையர்களைப் பரிசோதித்தது. 1990-இல் வெளியான முடிவின்படி, அறிவுத்தேர்வு மதிப்பெண்களின் வேறுபாட்டில் சுமார் 70 சதவீதம் மரபு சார்ந்தது. குணங்களில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஏறக்குறைய பாதி. இது கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டின் கணக்கு. ஒருவரது மூளையில் 70 பங்கு பெற்றோர் தந்தது என்று வாசிப்பது தவறு. கடும் வறுமையில் வளர்ந்தவர்கள் அந்த ஆய்வில் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.