மின்தடையும் வலுவும்: லயக்காம்பராவில் ஒரு கணக்கு

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என நண்பர்கள் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எழுதுவேனென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயின், மடுல்சீமைத் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தவணைகளில் அப்பாடமும் என் கடமையாயிற்று. ஒரு நாள் மாணவியொருத்தி எழுந்து, "எங்கள் காம்பராவில் கேத்தலைப் போட்டால் சுவரிலுள்ள வயர் சுடுகிறதே, ஏன் சேர்?" என்று வினவினாள். சூத்திரங்களைக் கரும்பலகையில் எழுதி முடித்திருந்த எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. சில மாதங்களுக்கு முன்னரே அயலிலுள்ள லயமொன்று தீக்கிரையாகியிருந்தது, மின்னொழுக்கே காரணமென்றனர். அன்றிரவு கல்லூரி நாளிற் பயன்படுத்திய பௌதிகக் குறிப்பேட்டைத் தேடியெடுத்தேன். அதிற் கண்டதையும் பின்னர்க் கற்றதையும் இங்கே கூறுவேன்.

நம் மலைநாட்டுப் பிள்ளைகள் பீலித் தண்ணீரை நன்கறிவர். ஊற்று உயரத்திலிருப்பின் நீர் விசையுடன் வரும். குழாய் ஒடுங்கியதாயின் வரத்துக் குறையும். மின்னும் அத்தகையதே. உயரத்தை மின்னழுத்தம் என்றும், வரத்தை மின்னோட்டம் என்றும், குழாயின் ஒடுக்கத்தைத் தடை என்றும் கொள்க. இவை முறையே உவோற்று, அம்பியர், ஓம் ஆகிய அலகுகளால் அளக்கப்படும். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுக்க வருவது தடை. 1827 இல் இவ்விதியை நூலாக வெளியிட்ட செருமானியரான ஓம் என்பாரும் பாடசாலை ஆசிரியராக இருந்தவரே.

இனி வலு. உயரம் மட்டும் பொறியைச் சுழற்றாது, நீர் மட்டும் சுழற்றாது, இரண்டும் கூடவேண்டும். நம் ஊவாவில் 2024 இல் திறக்கப்பட்ட 120 மெகாவாற்று உமாஓயா மின்னிலையம் இவ்வுண்மைக்குச் சான்று. அதுபோலவே, அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்க வருவது மின்வலு. அதன் அலகு உவாற்று.

இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 உவோற்று. ஒரு ஸ்திரிக்கைப்பெட்டி 5 அம்பியர் எடுக்கின்றதெனக் கொள்வோம். 230 ஐ 5 ஆல் வகுக்க, தடை 46 ஓம். 230 ஐ 5 ஆற் பெருக்க, வலு 1150 உவாற்று. கேத்தலொன்று 8 அம்பியர் எடுப்பின், அதன் தடை 28.75 ஓம், வலு 1840 உவாற்று. தடை குறைந்ததே கூடிய வலுவுடையது என்பதை மாணவர் கவனித்தல் வேண்டும். அழுத்தம் மாறாதிருக்கையில், தடை குறையக் குறைய ஓட்டம் பெருகுமன்றோ?

இவ்விரண்டையும் ஒரே வேளையில் ஒரே வயரிற் பொருத்தினால் ஓட்டம் 13 அம்பியர். வலு 2990 உவாற்று. அந்த வயரோ விளக்குகளுக்கென 5 அம்பியர் அளவிற் போடப்பட்டது. வயருக்கும் சிறிது தடை உண்டு. அதில் எழும் வெப்பம், ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கிய அளவினது. ஓட்டம் 2.6 மடங்காயின் வெப்பம் 2.6 மடங்கன்று, 6.76 மடங்காகும். மாணவியின் வினாவிற்கு விடை இதுவே.

இதனினும் கொடியது, முறுக்கிச் சுற்றிய தளர்ந்த இணைப்பு. அதன் தடை அரை ஓம் எனக் கொள்வோம். மேற்கூறிய சுமையில் ஓட்டம் ஏறத்தாழ 12.6 அம்பியராகும்; இணைப்பில் மட்டும் எழும் வெப்பவலு 80 உவாற்றளவில் வரும். 60 உவாற்று இழைக்குமிழையே எரிகையிற் கையாற் தொட இயலாது. அதனினும் மிக்க வெப்பம் விரலளவு இடத்தில், உலர்ந்த பலகையருகே, இரவெல்லாம் எழுமாயின் விளைவு யாதென எண்ணுக. ஒரே கூரையின் கீழ் வரிசையாய் அமைந்த லயத்தில் ஒரு காம்பராத் தீ ஒரு காம்பராவோடு நில்லாது.

மிகையோட்டத்தைத் தடுப்பதற்கே உருகியும் சுற்றுடைப்பானும் உள்ளன. உருகி எரிந்ததும் அதனிடத்தில் தடித்த செப்புக்கம்பியைச் சுற்றுவோர், காவற்காரனைக் கட்டிவைத்துவிட்டு உறங்குவோரை ஒப்பர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இக்கணக்கு, வெப்பமூட்டும் கருவிகளுக்கு நன்கு பொருந்தும். இழைக்குமிழின் தடை, அது குளிர்ந்திருக்கையில் மிகக் குறைவு, எரிகையிற் பன்மடங்காகும். தேயிலைத் தொழிற்சாலை மோட்டர்களுக்கு வலுக்காரணி என்னும் வேறோர் எண்ணையும் சேர்த்துப் பெருக்குதல் வேண்டும்.

மறுநாள் மாணவர் அனைவரையும், தத்தம் வீட்டுக் கருவிகளிற் பொறித்துள்ள உவாற்று எண்ணை எழுதிவரப் பணித்தேன். அதனை 230 ஆல் வகுத்து, வந்த அம்பியர்களைக் கூட்டினர். வினவிய மாணவியின் கூட்டுத்தொகை 13 ஐத் தாண்டியது. அவள் அக்கொப்பியைத் தகப்பனாரிடம் காட்டினாள். அவர் அதனைப் பார்த்து, அறிந்த மின்பணியாளர் ஒருவரை அழைத்து, பழைய இணைப்பை அகற்றித் தடித்த வயர் போடுவித்தார். அதுவரை இரண்டையும் ஒருங்கே பொருத்துவதில்லையெனத் தாயாரும் உறுதிகொண்டார்.

பரீட்சைக்கு மூன்று புள்ளி தரும் கணக்கு ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் காத்தது. நம் கல்லூரியிற் பயின்று இன்று பல ஊர்களிலும் வாழும் பழைய மாணவர்களே, தத்தம் வீட்டிலும் இக்கூட்டலை ஒருமுறை செய்து பார்ப்பீர்களாக.